தனி அடுப்பு எரிகிற கம்பெனி

டெக்சாஸ் மாநிலத்து எண்ணெய்க் கிணறுகளுக்கும் மதுரை விளாங்குடிக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று யாராவது கேட்டால் கண்ணுச்சாமிக்குச் சிரிப்புத்தான் வரும். திண்டுக்கல் ரோட்டில் பெயின்ட் கடைக்கு மேலே, முதல் மாடியில், நாலைந்து கம்ப்யூட்டரும் அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு ஏசியுமாக ஒரு சின்ன ஆபீஸ். அங்கே உட்கார்ந்துகொண்டுதான், அமெரிக்காக்காரன் தோண்டிப் போட்ட கிணறுகளுக்கெல்லாம் சொந்தக்காரன் யார் என்று அவன் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கிணறு எப்படி இருக்கும் என்று போட்டோவில் பார்த்ததோடு சரி.

வேலை, கேட்பதற்கு லேசு. செய்து பார்த்தால்தான் தெரியும் தலைவலி. அங்கே நூறு வருஷமாக யார் யாரோ தோண்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கு நேராகவும் அதை நடத்துகிற கம்பெனியின் பெயர் இருக்கும். ஒரே கம்பெனியை ஒருத்தன் முழுப் பெயரில் எழுதுவான், ஒருத்தன் சுருக்கி எழுதுவான், இன்னொருத்தன் செத்துப்போன முதலாளியின் பெயரையே போட்டு வைத்திருப்பான். நடுவில் ஒரு கம்பெனி இன்னொன்றை விலைக்கு வாங்கியிருக்கும். அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்திருப்பார்கள். அத்தனையையும் சலித்தெடுத்து, இந்தக் கிணறு இந்தக் கம்பெனிக்குத்தான் என்று ஒரே பெயரில் மேப்பில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் யாரிடம் எத்தனை கிணறு இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்ல முடியாது.

டீம் லீடர் ஹம்சவேணி, கீழவாசல் பக்கத்துச் சௌராஷ்டிரப் பெண். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் குழைந்து குழைந்து பேசுவாள். போனை வைத்த அடுத்த நிமிஷம் பழைய கறார் வந்துவிடும்.

"ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா, வேற வேறயான்னு எதை வச்சு முடிவு பண்றீங்க? ஆளாளுக்கு ஒண்ணு பண்ணினா நான் அமெரிக்காக்காரனுக்கு என்னன்னு பதில் சொல்றது?" என்று ஒரு நாள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டாள்.

கண்ணுச்சாமிதான் வாயைத் திறந்தான். "எங்க ஊருல இதுக்கு ஒரு வழி இருக்குக்கா."

அவனுடைய ஊர் கீழக்குயில்குடியைத் தாண்டி, சமணர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். பங்குனி மாதக் கோயில் பொங்கலுக்கு அங்கே தலைக்கட்டு வரி எழுதுவார்கள். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்த தலைக்கட்டின் பெயரைப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் மைக்கில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் நாலு பேர் பார்க்க நடந்து போய், சாமிக்கு வெட்டிய கிடாக்கறியில் ஒரு கூறு வாங்கி வருவார். கறி என்னமோ கைப்பிடிதான் தேறும். ஆனால் மைக்கில் பேர் வருகிறதே, அதுதான் விஷயம்.

"அண்ணன் தம்பி ஒரே வாசல்ல இருப்பாங்க. ஒரே இனிசியல். ஆனா தனி அடுப்பு எரிஞ்சா தனித் தலைக்கட்டு. ஒரே அடுப்புன்னா எம்புட்டுப் பேர் இருந்தாலும் ஒரு தலைக்கட்டு. அம்புட்டுத்தான்."

"கம்பெனிக்கு ஏதுப்பா அடுப்பு?"

"லைசென்ஸ் நம்பர்க்கா. கிணறு நடத்துறதுக்குச் சொந்தமா லைசென்ஸ் வாங்கியிருந்தா தனி அடுப்பு. அடுத்தவன் லைசென்ஸ்ல ஓட்டுனா கூட்டுக்குடும்பம்."

ஹம்சவேணி அதையே ஆபீஸ் சட்டமாக்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மாடியில் கேட்ட பேச்சைக் கீழே பெயின்ட் கடைக்காரர் கேட்டிருந்தால் மேலே மெஸ் நடத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். "அண்ணே, இவனுக்கு அடுப்பு இருக்கா?" என்று பக்கத்து சீட்டு ஆயிஷா சித்திகா கேட்பாள். "இருந்துச்சு, போன வருசம் அணைஞ்சிருச்சு, பெரியவனோட சேத்துரு" என்பான் கண்ணுச்சாமி. வேலை மளமளவென்று ஓடியது. இந்த மாநிலத்தை ஒழுங்காக முடித்தால் அடுத்த மாநிலத்தையும் தருகிறேன் என்று வேலை கொடுத்த அமெரிக்காக்காரர் சொல்லியிருந்தார். கண்ணுச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. தலைக்கட்டு எழுதுகிற பொறுப்பு ஊரில் வகையறா மாற்றி வகையறாவுக்கு வரும்; இந்த வருஷம் கண்ணுச்சாமி வகையறா. படித்தவன், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன் என்று அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அவன் அம்மா அழகம்மாள் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி, ஆட்டுக்கு அகத்திக்குழையை ஒடித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்த வருசம் நீதான எழுதுற. என் பேரையும் எழுதிரு."

"உன் பேரா? நீதான் என் தலைக்கட்டுக்குள்ள இருக்கேல்லம்மா."

"எதுக்குள்ள?"

"அப்பா தலைக்கட்டு எனக்கு வந்துருச்சுல்ல. அதுக்குள்ள."

"நான் என்ன உன் சட்டைப்பையில கெடக்குற சில்லறையா, உள்ள இருக்கேங்குறதுக்கு?"

அழகம்மாளின் கேள்வியில் ஞாயம் இல்லாமல் இல்லை. புருஷன் வீரணன் போய்ச் சேர்ந்த பிறகு, இருந்த இரண்டு மாட்டையும் விற்று, வீட்டுக் கொல்லையில் போர் போட்டவள் அவள். முதலில் வெறும் புகைதான் வந்தது. போர் வண்டிக்காரன் குழாயைக் கழற்றப் போனான். இன்னும் இருபது அடி இறக்கு என்று அவன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். அடுத்த பத்தடியில் தண்ணீர் பீய்ச்சியது. இன்றைக்கும் கோடையில் பாதி ஊருக்கு அந்தத் தண்ணீர்தான். பொங்கல் பானைக்கும் அதுதான். ஆனால் ஊர் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? வீரணன் போர்.

"செத்த மனுசன் வந்துதான் தெனமும் மோட்டார் போட்டு விடுறாரு பாரு" என்பாள் அழகம்மாள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் அடுப்பு தனி அடுப்பு. மருமகள் சத்யப்ரியா நல்ல பெண்தான், மாமியாரோடு சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஆனால் சத்யப்ரியா உப்பைத் தூவுவாள், அழகம்மாள் உப்பை அள்ளிப் போடுவாள். ஒரு மாதம் மருமகள் தண்ணீரைக் குடித்தும் மாமியார் உப்பைத் தொட்டுக்கொண்டும் பார்த்துவிட்டு, கொல்லைப்பக்க அறையில் அழகம்மாளுக்குத் தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் சந்தோஷம். கண்ணுச்சாமிக்கு ரெட்டைச் சந்தோஷம், இரண்டு பக்கமும் குழம்பு.

"ஊர் வழக்கம்மா அது. பொம்பளைக்குத் தலைக்கட்டு கெடையாது. நான் ஒருத்தன் மாத்த முடியுமா?" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அழகம்மாள் சத்தம் போடவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து அவள் பக்கத்துக் குழம்பு வருவது நின்றது.

குழம்பு நின்று ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தபோது ஹம்சவேணி உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். அது நல்ல சகுனம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"டெக்சாஸ்ல இருந்து ஒரு அம்மா மெயில் போட்டிருக்காங்க. நம்ம கிளையன்ட் அப்படியே நமக்கு அனுப்பிட்டாரு. படிக்கிறேன், கேளுங்க" என்று தமிழாக்கிச் சொன்னாள்.

அந்த அம்மாள் எழுதியிருந்தது இதுதான்: 'என் பெயர் மார்லீன் டகெட். உயிரோடுதான் இருக்கிறேன், சந்தேகமென்றால் போன் செய்யுங்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு எண்ணெய்க் கிணறு. உங்கள் மேப்பில் அதைப் போய் டகெட் பிரதர்ஸ் கம்பெனியின் கிணறு என்று போட்டிருக்கிறீர்கள். அது என் கொழுந்தனுடைய கம்பெனி. என் கணவர் ராய் இறந்த பிறகு லைசென்ஸ் வாங்கியது நான். பம்ப் நின்றுபோனால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் நான். கொழுந்தன் கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் தின்றுவிட்டுப் போவதோடு சரி. என்னை அவனோடு சேர்த்த புத்திசாலி யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.'

அதற்குக் கீழே அமெரிக்காக்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார். இது ஒன்றுதானா, இன்னும் இப்படி இருக்கிறதா, அடுத்த மாநிலத்தைத் தருவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

ஹம்சவேணி அந்தக் கிணற்றின் பதிவைத் திரையில் திறந்தாள். யார் சேர்த்தது என்ற இடத்தில் கண்ணுச்சாமி பெயர். ஏன் சேர்த்தது என்ற இடத்தில், 'கணவர் காலமானார். கணவரின் தம்பி கம்பெனியோடு சேர்க்கப்பட்டது.'

ஆயிஷா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அந்தம்மாவுக்குத் தனியா லைசென்ஸ் நம்பர் இருக்கே. அடுப்பு எரியுதே. எதுக்குச் சேத்தீங்க?"

"இல்ல... புருசன் செத்துட்டாருல்ல..." என்று ஆரம்பித்தான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டான்.

"புருஷன் செத்தா அடுப்பு அணைஞ்சிருமா?" என்றாள் ஹம்சவேணி.

"எங்க வாப்பா போன பெறகு எங்கம்மாதான் வளையல் கடை நடத்துது. நல்லவேளை அது டெக்சாஸ்ல இல்ல. இருந்திருந்தா அண்ணன் அதை எங்க சாச்சா, வாப்பாவோட தம்பி கடைன்னு எழுதிருப்பாரு" என்று ஆயிஷா சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கண்ணுச்சாமியும் சிரித்தான். ஆனால் முகம் சுட்டது. சட்டம் போட்டதும் அவன், மீறியதும் அவன், அதுவும் மீறுகிறோம் என்றே தெரியாமல். அடுப்பு எரிகிறதா என்று எல்லாக் கம்பெனியிடமும் கேட்டவன், அந்த அம்மாளிடம் மட்டும் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு. கொல்லையில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருப்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

அன்று முழுக்க அவர்கள் எல்லாப் பதிவுகளையும் மறுபடி சலித்தார்கள். மார்லீனைப் போல இன்னும் சில பெண்கள் கிடைத்தார்கள். மகனோடு சேர்க்கப்பட்டவர்கள், மைத்துனனோடு சேர்க்கப்பட்டவர்கள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் கண்ணுச்சாமியின் கைவண்ணம். ஒவ்வொன்றையும் பிரித்துத் தனியே நிறுத்தினார்கள்.

"பதில் மெயில் நீயே எழுது" என்றாள் ஹம்சவேணி. "சப்பைக்கட்டு கட்டாம எழுது. பாத்துட்டு அனுப்புறேன்."

அவன் எழுதினான். எங்கள் ஊரில் வரிக்குக் குடும்பங்களை எண்ணும்போது கணவரை இழந்த பெண்ணைத் தனிக் குடும்பமாக எண்ணுவதில்லை, அந்தப் பழக்கத்தில் உங்களையும் அப்படியே செய்துவிட்டேன், தவறு என்னுடையது, இன்னும் சிலருக்கும் இதே தவறு நடந்திருந்தது, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஹம்சவேணி படித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினாள்.

மறுநாளே இரண்டு பதில் வந்தன. அமெரிக்காக்காரர், தவறைத் தோண்டி எடுத்துச் சொன்னதற்கு நன்றி, அடுத்த மாநிலம் உங்களுக்குத்தான் என்று எழுதியிருந்தார். ஹம்சவேணி ஆபீஸுக்கே பருத்திப்பால் வாங்கித் தந்தாள். மார்லீன் எழுதியது சின்ன பதில்: 'மேப்பைப் பார்த்தேன். என் பெயர் இருக்கிறது, சந்தோஷம். உங்கள் ஊர்ப் பட்டியலை யார் திருத்துவார்கள்?'

கண்ணுச்சாமி பருத்திப்பாலைக் கையில் வைத்துக்கொண்டு அதை நாலைந்து முறை படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்க் கூட்டம். கோயில் முன்னால் ஆண்கள் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் குழாயடிப் பக்கம் நின்றிருந்தார்கள். எழுதிய பெயர்களைக் கண்ணுச்சாமி படித்துக் காட்ட வேண்டும், ஊர் சரி என்று சொல்ல வேண்டும். வீரணனுடைய தம்பி கருத்தக்கண்ணன்தான் கோயில் காரியங்களை எடுத்துச் செய்கிறவர். குணத்தில் பச்சைப்பிள்ளை, வழக்கம் என்று வந்துவிட்டால் மட்டும் பாறை.

கண்ணுச்சாமி தன் பெயரைப் படித்தான். அடுத்து, "அழகம்மாள்" என்று படித்தான். குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் நின்றது.

"இருப்பா, இருப்பா" என்றார் கருத்தக்கண்ணன். "எங்கண்ணன் தலைக்கட்டு உன்கிட்ட வந்துருச்சு. ஒரு வீட்டுக்கு ரெண்டு தலைக்கட்டு எப்படி?"

"தனி அடுப்பு எரிஞ்சா தனித் தலைக்கட்டுன்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதான சித்தப்பா. எங்கம்மா அடுப்பு தனி அடுப்பு. போய்ப் பாத்துட்டு வாங்க."

"பாக்க என்ன இருக்கு, நான்தான் வாராவாரம் மதினி கையால கருவாட்டுக்கொழம்பு சாப்புடுறேனே. ஆனா அந்தக் கணக்கு ஆம்பளைக்குப்பா."

"அடுப்புல ஆம்பள அடுப்பு, பொம்பள அடுப்புன்னு இருக்கா சித்தப்பா?"

சமுக்காளத்தில் யாரோ சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சிரிக்கிறதுக்கு இல்லப்பா. வழக்கத்த மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

அப்போது குழாயடியிலிருந்து அழகம்மாள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "கொழுந்தனாரே, பொங்கலன்னைக்கு விடியக்காலம் பானைக்குத் தண்ணி வேணும்னு வந்து கதவைத் தட்டுவீகளே. அப்ப யாரைக் கூப்புடுவீக?"

"உங்களத்தான் மதினி."

"என்ன சொல்லிக் கூப்புடுவீக? என் புருசன் பேரச் சொல்லியா, என் மகன் பேரச் சொல்லியா?"

ஊர் கருத்தக்கண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "மதினின்னுதான் கூப்புடுவேன்" என்றார் கடைசியில், ரொம்பச் சின்னக் குரலில்.

"அப்ப நான்தான இருக்கேன் அங்க. எழுதுங்க."

அவ்வளவுதான், சமுக்காளமே சிரித்தது. கருத்தக்கண்ணனும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். "எழுதுப்பா. கருவாட்டுக்கொழம்பு நின்னுபோச்சுன்னா நான் எங்க போறது" என்றார்.

அவர் பயந்த மாதிரியே ஆகிவிட்டது. குழாயடியிலிருந்து சோலையம்மாள், "அப்ப என் பேரையும் எழுது. நானும் தனியாத்தான் பொங்கித் திங்கிறேன்" என்றாள். அவளுக்குப் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கருத்தக்கண்ணன் ஒவ்வொரு பெயருக்கும் தலையில் கைவைத்தார், ஆனால் ஒன்றையும் தடுக்கவில்லை.

பொங்கல் ஜோராக நடந்தது. மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் தேக்கிலை விரித்துக் கறியைக் கூறு போட்டு வைத்திருந்தார்கள். மைக் கண்ணுச்சாமி கையில். ஒவ்வொரு தலைக்கட்டையும் தகப்பன் பேரைச் சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். கூப்பிட்டவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். அம்மா கூட்டத்தின் முன்னாலேயே நிற்பதைப் பார்த்தான். மஞ்சள் கண்டாங்கிச் சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. கல்யாண வீட்டுக்குக்கூட அவள் இப்படிக் கிளம்பி அவன் பார்த்ததில்லை.

"வீரணன் சம்சாரம் அழகம்மாள்" என்று கூப்பிட்டான்.

அழகம்மாள் நகரவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்து, இன்னும் சத்தமாக, "கண்ணுச்சாமி தாயார் அழகம்மாள்" என்றான்.

அவள் அப்போதும் நகரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். போர் வண்டிக்காரன் முன்னால் நின்ற அதே நிற்பு. கூட்டம் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. சத்யப்ரியா பின்னாலிருந்து ஜாடை காட்டினாள், அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அட, இதைத்தானே அவன் தினமும் விளாங்குடி மாடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறான்! ஒரே ஆள், மூன்று பெயர், அதில் எது அவளுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். "அழகம்மாள்" என்றான்.

"இந்தா வாரேன்" என்றாள் அவள்.

அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். கருத்தக்கண்ணன் தன் கையாலேயே தேக்கிலைப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். அதை இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் பொதிந்துகொண்டாள். போகிறவள், நின்று, மைக் பிடித்திருந்த மகன் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு எங்க வீட்டுல கறிக்கொழம்பு. மத்தியானம் உன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுச் சாப்புட வா" என்றாள்.

மைக் அணைக்கப்படவில்லை. ஊர் பூராவும் கேட்டது.